பொம்மக்காள் வராத நாளில் பிறந்த வியாபாரம்

காக்கைமேட்டு ராஜ்யத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கொலுமண்டபத்துக்குள் யாராக இருந்தாலும் வெறுங்காலோடுதான் போக வேண்டும். வீரபாகு மகாராஜாவே செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவருக்குக் காலில் ஆணி. அதனால் தங்கமும் மணியும் பதித்த பாதுகை எல்லாம் கிடையாது. பழகிப் பழகி மெத்தென்று ஆன சாதாரணத் தோல் செருப்புதான்.

தினமும் படியில் இருநூறு ஜோடி குவியும். இதைப் பார்த்தாள் பொம்மக்காள் என்று ஒருத்தி. ஒருநாள் வந்து படியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஜோடியையும் வாழைநாரால் கட்டி வரிசையாக வைத்தாள். திரும்பி வருகிறவர் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். காலைப் பார்த்தே சரியான செருப்பை எடுத்து நீட்டுவாள். கூலி ஒரு பிடி அரிசி. அரசரிடம் மட்டும் வாங்குவதில்லை. அந்த அரிசியில்தான் அவள் வீட்டில் ஆறு வயிறு நிறைந்தது.

அமைச்சர் சபாநாதருக்கு இது பொறுக்கவில்லை. மகா கஞ்சர் அவர். தும்மல் வந்தால்கூட வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறவர்.

"மகாராஜா! சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அரிசியா? உழவு தொழில். நெசவு தொழில். உப்பைக் கொடுத்து நெல் வாங்கினால் அது வியாபாரம். எல்லாம் ஆதியிலேயே பிறந்தவை. செருப்புக்குக் காவல் என்று நம் முப்பாட்டனார் யாராவது தொழில் செய்தார்களா? அவளைத் துரத்த உத்தரவிடுங்கள்!"

சபையில் மருதவாணர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது.

"உப்பு வியாபாரமும் ஒருநாள் புதுசாகத்தானே இருந்திருக்கும், மந்திரியாரே?"

"பிறந்தபோது நீர் பக்கத்தில் நின்று பார்த்தீரோ?"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதானே! வியாபாரம் எப்படித்தான் ஐயா பிறந்தது? எனக்கு அதைப் பார்க்க வேண்டும்."

"அது நடந்து பல்லாயிரம் வருஷம் ஆகியிருக்குமே, மகாராஜா" என்றார் ஒரு புலவர்.

சபாநாதர் விடுவாரா? "மருதவாணர் காட்டட்டும்! நாளைப் பொழுது சாய்வதற்குள் காட்டாவிட்டால், பொம்மக்காளோடு இவரும் ஊரைவிட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார் அரசர்.

மருதவாணர் நேரே படிக்கு வந்தார். "பொம்மக்கா, நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

"வராட்டி கஞ்சிக்கு என்ன சாமி பண்ண?"

"ஒரே ஒருநாள். ஆள் அனுப்பினால் மட்டும் வா."

"ஆறு வயிறு இருக்கு சாமி. பார்த்துப் பண்ணுங்க."

மறுநாள் பொம்மக்காள் வரவில்லை. செருப்புகள் குப்பையாகக் குவிந்தன. தெருநாய் ஒன்று தன் பங்குக்கு நாலைந்தைக் கவ்வி இடம் மாற்றி வைத்தது. சித்திரை மாத வெயில். உச்சிவேளையில் சபை கலைந்தது. அரசரை மட்டும் மருதவாணர் மேல்மாடத்துக்கு அழைத்துப் போய் நிறுத்தினார். கீழே இருநூறு பேர் ஒரே குவியலில் விழுந்து புரண்டார்கள்.

"ஓய், என்னிடம் ரெண்டும் இடது! ஒரு வலதைத் தாரும், ஒரு இடதைத் தாரேன்!" என்று தச்சர் ஒருவர் கத்தினார்.

"பண்டமாற்று, மகாராஜா" என்றார் மருதவாணர்.

ஒல்லியான ஆள் ஒருவன் ஒற்றைச் செருப்புகளாகப் பொறுக்கி வேப்பமரத்தடியில் பரப்பினான். "வலது வேணுமா, வலது!"

"கடை போட்டாச்சு."

இன்னொருவன் கூட்டத்துக்குள் ஓடினான். "உங்க ஜோடியை நான் தேடித் தாரேன். கிடைச்சா ரெண்டு வெற்றிலை!"

"தரகு."

இரண்டு பேருக்கு மொத்தமே ஒரு ஜோடிதான் கிடைத்தது. ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு மற்றவரை முதுகில் தூக்கினார். பாதி வழியில் மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம்.

"கூட்டு வியாபாரம், மகாராஜா!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது கீழே ஓர் அலறல். சபாநாதர் சுடுகல்லில் துள்ளிக்கொண்டிருந்தார். "ஐயோ, வேகிறதே! செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்கக் கூடாதா? கூலியை நானே கொடுத்துத் தொலைக்கிறேன்!" கத்திக்கொண்டே கைக்குக் கிடைத்த இரண்டை மாட்டிக்கொண்டார்.

"தொழில் பிறந்துவிட்டது, மகாராஜா. அதற்குப் பல்லாயிரம் வருஷம் வேண்டாம். ஒருவருக்குக் கால் சுட்டால் போதும்."

அரசர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். வாசலில் கால் வைத்தார். சிரிப்பு நின்றது. அவர் செருப்பைக் காணோம்! காலிலோ ஆணி, கல்லோ நெருப்பு. ராஜ்யத்தையே ஆண்டவர் ஒற்றைக் காலில் நொண்டினார்.

"பொம்மக்காளைக் கூப்பிடுங்கள்!"

பொம்மக்காள் வந்தாள். வழக்கம்போல யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டத்தின் கால்களையும் மரத்தடிக் கடையையும் ஒரு பார்வை பார்த்தாள். "மகாராசாவோட வலது மரத்தடிக் கடையில கிடக்கு. இடது மந்திரி காலுல இருக்கு. கூலி ரெண்டு பிடி அரிசி."

"என்னிடமுமா? அதுவும் நேற்று ஒரு பிடிதானே?"

"நேத்து என் அருமை யாருக்கும் தெரியலையே சாமி."

மருதவாணர் கைகட்டி நின்றார். "பிறப்பைத்தான் பார்க்கக் கேட்டீர்கள், மகாராஜா. பொம்மக்காள் வளர்ச்சியையும் சேர்த்தே காட்டிவிட்டாள்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாசற்படி இனி பொம்மக்காளுடையது என்றும், தாமும் கூலி கொடுப்பதாகவும் அங்கேயே உத்தரவு போட்டார். சபாநாதர் தலையைக் குனிந்துகொண்டு இடதுகால் செருப்பைக் கழற்றி வைத்தார்.

"மருதவாணரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்!"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. மந்திரியாரின் வலதுகாலில் இருப்பது என்னுடையது. அதையும் கழற்றச் சொல்லுங்கள், கால் சுடுகிறது!"