வால் தாங்கிய பாலம்

ஓடைக்கரையில் நீர்நாய் டீச்சர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அன்றைய பாடம் பாலம். ஆளுக்கொரு கட்டு மூங்கில் குச்சியும் கொஞ்சம் நாரும் கொடுத்தார்.

"மழைக்கு முன்னாடி இந்த ஓடைக்கு நிஜப் பாலம் கட்டணும். யார் செஞ்சது அதிகக் கல்லைத் தாங்குதோ, அதே மாதிரி கட்டலாம்."

மலையணில் செம்பி கட்டம் கட்டமாக, ஜன்னல் வரிசை போல அழகாகக் கட்டினாள். அவள் தோழி பூவி, முயலளவே இருக்கும் சருகுமான். அவள் ஒவ்வொரு கட்டத்துக்கும் குறுக்கே ஒரு குச்சியைச் சாய்த்துக் கட்டினாள்.

"என்னடி இது, வேலி மாதிரி?" என்று செம்பி சிரித்தாள்.

"தெரியலடி. சாய்ச்சுக் கட்டினா ஆடாம நிக்குது."

டீச்சர் ஒவ்வொரு கல்லாக அடுக்கினார். பூவியின் பாலம் பன்னிரண்டு கல் தாங்கியது. பிறகு அடியில் உளுத்திருந்த ஒரு குச்சி முறிந்தது.

செம்பியின் பாலம் நான்காவது கல்லிலேயே இடப்பக்கம் சாயத் தொடங்கியது. கட்டங்கள் கோணின. செம்பி பாலத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மெல்ல வாலை நீட்டி முட்டுக் கொடுத்தாள். யாரும் பார்க்கவில்லை. இருபது கல் வரை பாலம் நின்றது, வால் மரத்துப்போனது.

"பிரமாதம் செம்பி!" என்றார் டீச்சர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். எல்லோரும் சுற்றி நின்று பாராட்டும்போது அவளுக்கு வாய் வரவில்லை.

பத்து நாளில் செம்பியின் கட்டங்களைப் போலவே பெரிய பாலம் எழுந்தது. மரம் விட்டு மரம் தாவும் செம்பிக்குப் பாலமே தேவையில்லை. தரையில் நடக்கிறவர்களுக்குத்தான் அது வேண்டும். முதல் மழை கொட்டி, ஓடையில் வெள்ளம் வந்த அன்று எல்லோரும் கரையில் கூடினார்கள்.

"என் தோழி போட்ட பாலம், நான்தான் முதல்ல போவேன்," என்றாள் பூவி.

"கொஞ்சம் இருடி," என்றாள் செம்பி.

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. வழுக்கும், பார்த்துப் போ."

பூவி பாதி தூரம் போனாள். பாலம் இடப்பக்கம் சாய்ந்தது. அப்படியே படுத்துவிட்டது. டீச்சர் வெள்ளத்தில் பாய்ந்து பூவியை இழுத்து வந்தார். உயிர் இருந்தது. முன்னங்கால் ஒடிந்திருந்தது.

"நான்தான் நாரைச் சரியா இறுக்கல," என்று டீச்சர் அழுதார்.

அதைக் கேட்கச் செம்பியால் முடியவில்லை. "இல்ல டீச்சர். அன்னிக்கே அது சாஞ்சுது. நான் வாலால தாங்கிப் பிடிச்சிருந்தேன்."

வலியில் படுத்திருந்த பூவி அவளைப் பார்த்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. குறுக்கே நாலு குச்சி வெச்சிருந்தா போதுமேடி."

பிறகு வேறு பாலம் கட்டினார்கள், சாய்ந்த குச்சிகளோடு. அது உறுதியாக நின்றது. பூவியின் கால் மட்டும் நேராகவில்லை. எல்லோரும் அக்கரை சேர்ந்த பிறகு அவள் நொண்டி நொண்டிக் கடைசியாகக் கடப்பாள். செம்பி கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே இறங்கிப் பேச அவளுக்கு முகமில்லை.

சோதித்துப் பார்க்கும்போதே குறையை ஒப்புக்கொண்டால் நம் வெட்கத்தோடு போய்விடும். மறைத்தால், நம்மை நம்பியவர்கள்தான் அதைச் சுமக்க வேண்டிவரும்.