வீட்டில் விளக்கு வைப்பதற்குள்

கதை சின்னதுதான். ஆனால் கேட்டுவிட்டு, நல்லாயிருந்தது என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிற வேலை வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். என் அக்காள் வீட்டில் நடந்த வழக்கு இது. தாய்மாமன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் மாட்டிக்கொண்டு முழித்தது போல நீங்களும் கொஞ்சம் முழியுங்கள்.

அக்காள் மகள் பெயர் பூவிழி. துறையூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பெயர் வைத்த அன்றே வேலையையும் சேர்த்து வைத்துவிட்டோம் என்று அவளைக் கேலி செய்வேன். கண் பரிசோதனைக்கென்றே படித்தவள் அவள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் இறங்கி, கரும்புக் காட்டுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்தால்தான் அவர்கள் வீடு. அந்தப் பாதையில் பேருக்குக்கூட ஒரு தெருவிளக்குக் கிடையாது. பாம்பு உண்டு, குடித்துவிட்டு உருளுகிற ஆசாமிகளும் உண்டு.

வேலைக்கு அனுப்பிய அன்று என் மச்சான் பெரியண்ணன் வாசலில் நின்று, அந்தப் பாதையைக் கையால் காட்டியபடி மகளிடம் வாக்கு வாங்கினார்.

“வீட்டுல விளக்கு வைக்கிறதுக்குள்ள நீ வந்து சேர்ந்துடணும். ஒரு நாள் தவறினாலும் அன்னியோட வேலை நின்னுச்சு.”

“தவற மாட்டேம்ப்பா” என்றாள் அவள். மச்சான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். மகளும் அப்பனை உரித்து வைத்தவள்.

கொஞ்ச காலம் ஒரு வில்லங்கமும் இல்லை. பிறகு கடை முதலாளியம்மா ஒரு சேதி சொன்னார். வாத்தியார்களும் பேங்க் ஆட்களும் வேலை முடிந்து சாயங்காலம்தான் கண்ணைக் காட்ட வருகிறார்கள். கடை சாத்தும் வரை இருந்தால் பரிசோதனை அறை பூவிழியின் பொறுப்பு. முடியாதென்றால் முன்னால் உட்கார்ந்து ஃபிரேமைத் துடைத்துக் கொடுக்கலாம். படித்த படிப்பைத் துணியால் துடைக்க அவளுக்கு மனம் வருமா? இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது அவள் வருகிற பஸ் இருட்டிய பிறகுதான் ஊருக்கு வரும்.

இங்கேதான் என் அக்காள் அஞ்சலை தன் சாமர்த்தியத்தைக் காட்டினாள். விளக்கே வைக்கவில்லை! ஊரே விளக்கேற்றி முடித்திருக்கும். அவள் வீட்டில் மட்டும் சாமி விளக்கும் இல்லை, பல்பும் இல்லை. மகளின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்ட பிறகுதான் தீக்குச்சியை உரசுவாள். வாக்கு பிசகவில்லை பார் என்று எனக்குப் போன் போட்டுப் பெருமை வேறு. மச்சான் அந்நேரம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருப்பார், அவருக்குத் தெரியாது. ஒரு நாள் சீக்கிரம் திரும்பிவிட்டார். கும்மிருட்டில் தீப்பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தார்.

“விளக்கப் புடிச்சு வச்சா பொழுது நிக்குமாடி?” என்று மட்டும் கேட்டார்.

வேலை போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பூவிழி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு பிசகாமல் நானே ஒரு வழி பண்ணுகிறேன் என்று அப்பாவிடம் தவணை கேட்டாள். துறையூரிலேயே, கடைக்கு நாலு வாசல் தள்ளி, ஒரு பாத்திரக்கடைக்காரர் வீட்டு மாடியில் அறை பிடித்தாள். கடைத்தெரு அது, கடைகள் சாத்தினாலும் தெரு பளிச்சென்று இருக்கும். வாக்கை எப்படிக் காப்பாற்றப் போகிறாள் என்று புரியாமலே மச்சான் அரை மனதாக அனுப்பினார். முதல் நாள் வைத்த ரசத்தில் உப்பு ஏகத்துக்கும் ஏறிவிட்டதாம். “யாரும் ஒண்ணும் சொல்லல மாமா, நானே வச்சேன், நானே முழுசாக் குடிச்சேன்” என்று போனில் அப்படிச் சிரித்தாள். எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நின்றார். கதவு பூட்டியிருந்தது. தெருவில் அத்தனை வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவள் அறை மட்டும் இருட்டு. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடை சாத்திவிட்டு வந்த பூவிழி அப்பாவைப் பார்த்தாள், கதவைத் திறந்தாள், விளக்கை ஏற்றினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“இந்த வீட்டுல விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துட்டேம்ப்பா.”

“நான் சொன்னது நம்ம வீட்ட.”

“நான் குடியிருக்குறதுதானேப்பா என் வீடு?”

வழக்கு என்னிடம் வந்தது. வாக்கு தவறினாள், அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வரட்டும் என்கிறார் மச்சான். வந்தால் வேலை போச்சு. அக்காளோ, நான் பாட்டுக்கு விளக்கேற்றுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தால் வாக்கும் நின்றிருக்கும், பெண்ணும் வீட்டோடு இருந்திருப்பாள் என்கிறாள். பூவிழியோ, நான் சொன்ன சொல்லில் இம்மி பிசகவில்லை என்கிறாள். விளக்கை நிறுத்தி வைத்த தாயா, வீட்டை மாற்றிக்கொண்ட மகளா, திரும்பி வா என்கிற தகப்பனா, இதில் யார் பக்கம் நியாயம்? சொல்லுங்கள்.

விடை: பூவிழி பக்கம்தான். மச்சான் வாக்கு வாங்கும்போது கை எதைக் காட்டியது என்று கவனித்தீர்களா? இருட்டில் அந்தக் கரும்புக் காட்டுப் பாதையில் மகள் தனியாக நடக்கக் கூடாது என்பதுதான் அவர் பயம். அக்காள் சொல்லைக் காப்பாற்றினாள், ஆனால் பெண் அதே இருட்டில்தான் நடந்து வந்தாள். பூவிழி சொல்லையும் காப்பாற்றினாள், அப்பாவின் பயத்தையும் தீர்த்தாள். இதைத்தான் மச்சானிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தோற்றதில் வருத்தமும் இருந்தது, மகளை நினைத்துப் பெருமையும் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாத மனிதர். “அது எனக்கும் தெரியும் மாப்ள. அவ மேல ஒரு தப்பு இருந்திருந்தா, அன்னிக்கு ராத்திரியே கையோட கூட்டிட்டு வந்திருப்பேன்ல?” என்றார்.