தூணுக்கு விழுந்த சாட்டையடி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கழனி என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட குணவீரப் பூபதி நல்ல மனிதர்தான். ஆனால் மீன் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, கோபம் மட்டும் ஏறும்.

அரண்மனைக்கு மீன் பிடித்துத் தருகிறவன் முத்திருளன். விடியற்காலையில் பெரிய ஏரியில் வலை வீசுவான். என்றைக்காவது கூடை நிறைய விரால் விழும். என்றைக்காவது குழம்புக்கே காணாது. மற்ற நாளெல்லாம் அரைக் கூடை, முக்கால் கூடை. ஏரி என்றால் அப்படித்தானே? ராஜாவுக்கு அது பிடிபடவில்லை. கூடை நிறைந்தால் முத்திருளனைச் சபைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார். அடியில் ரெண்டு கெண்டை மட்டும் துள்ளினால் முதுகில் சாட்டை.

இதில் ஒரு விசித்திரம். பொன்னாடை போர்த்திய மறுநாள் மீன் குறைந்துவிடும். சாட்டை விழுந்த மறுநாள் கூடிவிடும். முத்திருளன் பெண்டாட்டி பேச்சி, புருஷன் தோளில் சரிகை மின்னுவதைப் பார்த்தாலே முதுகுக்குத் தடவ எண்ணெய் காய்ச்ச உட்கார்ந்துவிடுவாள்.

சேனாதிபதி வீரபாகுவுக்கு வெகுநாளாக ஒரு வயிற்றெரிச்சல். ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி மழவராயரையே யோசனை கேட்கிறாரே என்று. ஒருநாள் சபையில் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"மகாராஜா, நானும் கவனித்து வருகிறேன். பாராட்டினால் இந்த முத்திருளன் கெடுகிறான், அடித்தால் திருந்துகிறான். பொன்னாடையை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை முதல் தினமும் விடிந்ததும் நாலு அடி கொடுத்தே ஏரிக்கு அனுப்புவோம்."

ராஜாவுக்கு அது அமிர்தமாக இனித்தது. பலித்தால் தறிக்காரர், குயவர், சபைப் புலவர்கள் என்று எல்லோருக்கும் நீட்டிக்கலாம் என்றார். புலவர்கள் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

முத்திருளன் கும்பிட்டான். "சாமி, சாட்டை எம்முதுகுக்குத் தெரியும். மீனுக்கு எப்படிங்க தெரியும்?"

"உனக்கு வலித்தால் ஒழுங்காக வீசுவாய்" என்றார் வீரபாகு.

"வலிச்சா கையே மேல வர்றதில்லீங்க."

மந்திரி மழவராயர் எழுந்து, சேனாதிபதி அருமையாகச் சொன்னார், ஆனால் ஆணை போடுமுன் ஒரு சின்ன விளையாட்டு ஆடிப் பார்க்கலாமே என்றார். பன்னிரண்டு சோழிகள் வந்தன. ராஜாவே உருட்ட வேண்டும். மல்லாந்து விழுபவை நிறைய இருந்தால் நல்ல ஆட்டம், ரெண்டு மூன்றுதான் என்றால் மட்டமான ஆட்டம். நல்ல ஆட்டத்துக்கு எதிரிலிருக்கும் தூணுக்கு மாலை, மட்டமான ஆட்டத்துக்குத் தூணுக்குச் சாட்டை. நடுத்தரமாக விழுந்தால் ஒன்றும் கிடையாது.

"தூண் என்னய்யா பண்ணிற்று?" என்றார் ராஜா.

"ஆடித்தான் பாருங்களேன்."

ராஜா உருட்டினார். ரெண்டே சோழி மல்லாந்தன. சேவகன் தூணைப் பளீரென்று அடித்தான். மறுபடி உருட்டினார், ஆறு. இன்னும் சில ஆட்டம் போனதும் பத்து விழுந்தது. தூணுக்கு மாலை. அடுத்தது ஐந்துக்கு இறங்கிவிட்டது. பொழுது சாயும்வரை ஆடினார்கள். ஓரிரு தடவை பிசகியது. மற்றபடி அடித்தபின் ஏறியது, மாலைக்குப்பின் இறங்கியது.

ராஜா தூணைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்தத் தூணுக்கு இவ்வளவு பயமா?"

வீரபாகுவுக்கு இனிப் பின்வாங்க வழியில்லை. தூண் பாட்டனார் காலத்துத் தூண், அரண்மனை விசுவாசம் அதற்கும் இருக்கும், சாட்டையின் மகிமை மரத்தையும் விடாது என்று அளந்தார்.

"அப்படியானால் நல்லதாகப் போயிற்று" என்றார் மழவராயர். "முத்திருளன் வாங்கும் அடியையும் தூணே வாங்கட்டும். அதற்கு வலிக்காது. அடுத்த அமாவாசை வரை பார்ப்போம்."

ராஜா சம்மதித்தார். மீன் குறைந்த நாளெல்லாம் அரண்மனையில் தூணுக்கு அடி. முத்திருளன் ஏரிக்கரையில் புண் ஆறி நிம்மதியாக வலை வீசிக்கொண்டிருந்தான். தூணை அடித்த மறுநாள் மீன் கூடியது, முன்பு கூடியது போலவே.

அமாவாசையன்று ராஜா சாட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அப்போது என் சாட்டை இத்தனை நாள் என்னதான் செய்துகொண்டிருந்தது?"

"வலித்தது, மகாராஜா. அவ்வளவுதான்" என்றார் மழவராயர். "மீன் ஒரேயடியாகக் குறைந்த நாளில்தான் நீங்கள் அடிக்கிறீர்கள். அதற்குக் கீழே இறங்க இடமே இல்லை, மறுநாள் ஏறத்தான் செய்யும். ஒரேயடியாகக் கூடிய நாளில் பொன்னாடை போர்த்துகிறீர்கள். மறுநாள் இறங்கும். அடிக்காமல், போர்த்தாமல் சும்மா இருந்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். அதைத்தான் நாம் ஒருநாளும் செய்து பார்க்கவில்லை."

ராஜாவின் முகம் சிவந்தது. ஒரு ஏழையின் முதுகை இப்படி உரித்துவிட்டேனே என்று தலையில் கைவைத்தார். பிறகு கோபம் முழுக்க வீரபாகு பக்கம் திரும்பியது. அந்தச் சாட்டையடியை இவருக்கே கொடுங்கள் என்றார்.

மழவராயர் குறுக்கே வந்தார். "வேண்டாம், மகாராஜா. தூணுக்கு விசுவாசம் உண்டு என்று பேசியதுதான் இவர் உளறியதிலேயே உச்சம். நாளைக்கு இவர் உளறல் எப்படியும் கொஞ்சம் குறையும். இன்று அடித்தால் அது சாட்டையின் பலன் என்று மறுபடி நம்பிவிடுவீர்கள்."

சபை சிரித்த சிரிப்பில் வீரபாகுவின் மீசை தொங்கிவிட்டது. அடிக்குப் பதிலாக ஒரு மாதம் முத்திருளனின் கூடையைத் தலையில் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பானது. மழவராயருக்கு முத்து மாலை போட்ட ராஜா, முத்திருளனை வரவழைத்து, பொன்னாடையா, பொன்னா, நிலமா, எது வேண்டுமோ கேள் என்றார்.

"பொன்னாடை மட்டும் வேணாஞ்சாமி, வீட்ல பயந்துக்குவா" என்றான் முத்திருளன். "ஏரியில மீன் இல்லாத அன்னைக்கு நீங்க கத்திரிக்காய் சாப்பிட்டுக்கணும். அது போதும்."

ராஜா அவனுக்கு ஏரிக்கரையில் நிலமும் கொடுத்தார், வாக்கும் கொடுத்தார். மறுநாளே மீன் வரவில்லை. செங்கழனி ராஜா முகத்தைச் சுளித்துக்கொண்டு கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்தார். பிசைந்தவர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாராம். அவர் வயிறு நிறைந்தது, முத்திருளன் முதுகு பிழைத்தது, கதையும் ஆச்சு.