பிடரிக் கட்டி

டாக்டர் ஞானதிரவியத்துக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. வெளிநோயாளிகள் வரிசையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மூட்டை தூக்கும் ஒரு ஆள் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆளின் பெயர் சிவனணைந்தான். காய்கறிச் சந்தையில் வெங்காய மூட்டை இறக்குபவர். ஏழு மாதத்துக்கு முன்னால் அவர் பிடரியில் இருந்த கட்டியை ஞானதிரவியம்தான் வெட்டியெடுத்தார். இனிமேல் வராது என்று சொல்லியும் அனுப்பினார். அதே இடத்தில், அதே நெல்லிக்காய் அளவில், அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

"வராதுன்னு சொன்னீருல்லா? இது என்ன?" சிவனணைந்தான் காலரை இறக்கிக் காட்டினார். "மூட்டைய வச்சா உயிர் போவுது. பொங்கலுக்குள்ள கழுத்த நிமித்தி வரலன்னா வேற ஆளப் போட்டுக்கிடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டான். இருபத்திரண்டு வருசமா பாத்த வேலை. பதில் சொல்லும்."

"புண்ணு ஆறுறதுக்கு முன்னால மூட்டையத் தூக்கினா வராம என்ன செய்யும்?"

"நீரு சொன்ன நாளுக்கு மேல ஒரு வாரம் சும்மா கெடந்தேன்."

"சரிய்யா, மன்னிச்சுக்கிடும். போதுமா? அடுத்த ஆளு வாங்க."

போதவில்லை. சிவனணைந்தான் மேசையை ஓங்கித் தட்டினார். சீட்டுகள் சரிந்து தரையெல்லாம் பறந்தன. கலெக்டரிடம் மனு கொடுக்கப் போவதாகக் கத்தினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ஞானதிரவியத்தை எழுந்து நிற்க வைத்தது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருஷம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனிக்காட்டு ராஜாவாக இருந்துவிட்டு, அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவருக்கு ஆசிரியர் டாக்டர் மெகராஜ். அவரைவிட எட்டு வயது இளைய பெண். அதையே ஞானதிரவியம் பல்லைக் கடித்துத்தான் ஏற்றுக்கொண்டிருந்தார்.

மெகராஜின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"மன்னிப்பும் கேட்டுட்டேன் மேடம். அப்பவும் மேசையத் தட்டுதான். இன்னும் என்னதான் செய்யணும் இவனுக்கு?"

மெகராஜ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பேனா மூடப்படும். அந்தப் பிரிவில் எல்லாருக்கும் அது தெரியும்.

"அவரை உள்ள கூப்பிடுங்க. அவரோட பழைய ஃபைலையும் எடுத்துட்டு வாங்க."

சிவனணைந்தான் முறைத்துக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மெகராஜ் கட்டியை விரலால் மெதுவாக அசைத்துப் பார்த்தார். சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"டாக்டர், இது என்ன? கொழுப்புக்கட்டியா?"

முதல் வருஷத்துப் பையனிடம் கேட்கிற கேள்வி. அதுவும் இந்த ஆளின் முன்னால். ஞானதிரவியத்துக்குக் காது சுட்டது.

"இல்ல மேடம். கொழுப்புக்கட்டின்னா விரலுக்கு அடியில வழுக்கும். இது தோலோட ஒட்டியிருக்கு. நடுவுல கறுப்புப் புள்ளி இருக்கு. பைக்கட்டி."

"பைக்குள்ள என்ன இருக்கு?"

"உதிர்ந்த தோலோட கழிவு. மாவு மாதிரி இருக்கும்."

"அந்த மாவு எங்கேருந்து வருது?"

"பைதான் உண்டாக்குது."

"மாவை மட்டும் பிதுக்கி எடுத்தா?"

"கொஞ்ச நாள் அமுங்கியிருக்கும். பிறகு..." அவர் நிறுத்திக்கொண்டார்.

மெகராஜ் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். போன முறை வெட்டியெடுத்ததன் பயாப்ஸி ரிப்போர்ட். "வாசிங்க. அவருக்குப் புரியற மாதிரி, தமிழ்ல."

தாளின் அடியில் ஞானதிரவியத்தின் கையெழுத்தே இருந்தது. பார்த்தாயிற்று என்பதற்கான கையெழுத்து. வந்து ஆறு மாதம் ஆகிவிட்ட தாள்.

அந்த நாள் அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் இழுத்தார், பை கிழிந்தது. நாற்றமடித்துக்கொண்டு வெள்ளையாகப் பிதுங்கி வந்ததைத் துடைத்தார். கையில் அகப்பட்ட துண்டுகளை எடுத்தார். அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் தையல் போட்டார்.

இப்போது இதைச் சொன்னால் அந்த ஆள் மனு எழுத வேறு காகிதம் வேண்டியதில்லை, இந்தத் தாளே போதும். கஷ்டப்பட்டு வாங்கிய மேற்படிப்பு இடம் போனாலும் போகும். இந்தப் பெண்ணுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் செய்கிறாள் என்று நினைத்தபோது, தாளைக் கிழித்து அவர் மேசையிலேயே வீசிவிடலாம் போல அத்தனை ஆத்திரம் வந்தது.

மெகராஜ் காத்திருந்தார். சிவனணைந்தானும் காத்திருந்தார்.

"பையோட சுவர் மூணு துண்டா வந்திருக்கு," ஞானதிரவியம் வாசித்தார். "முழுசா இல்ல."

"அப்படின்னா?" என்றார் சிவனணைந்தான்.

"நான் எடுக்கையில பை கிழிஞ்சிட்டு. ஒரு துண்டு உள்ள நின்னுட்டு. அதுதான் திரும்ப வளந்திருக்கு. மூட்டை தூக்கினதால இல்ல."

"அது உமக்கு எப்பம் தெரியும்?"

ஞானதிரவியம் மெகராஜைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு உதவியும் வரவில்லை.

"அப்பவே தெரியும்."

சிவனணைந்தான் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றே ஞானதிரவியம் நினைத்தார். ஒதுங்கத் தோன்றவில்லை.

"ஏழு மாசமா நான்தான் என்னத்தையோ கெடுத்துட்டேன்னு கெடந்தேன். கழுத்துல ஒரு துண்டு போடல. மல்லாந்து படுக்கல, அதுல பட்டுருமோன்னு." கோபம் குறையவில்லை. ஆனால் விரல் நீளவில்லை.

மெகராஜ் சொன்னார்: "சிவப்பு இல்ல, சூடு இல்ல. இன்னைக்கே எடுத்துறலாம். நானே எடுக்கறேன்."

சிவனணைந்தான் காலரை ஏற்றி விட்டுக்கொண்டார்.

"நீங்க வேண்டாம்மா. இவரே எடுக்கட்டும். எங்க விட்டோம்னு இவருக்குத்தான் தெரியும்."

அடுத்த அறையில் இருந்த அறுவை மேசையில் அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஞானதிரவியம் கறுப்புப் புள்ளியைச் சுற்றிக் கண் வடிவத்தில் கீறினார். கையில் கோபம் இன்னும் இருந்தது. யார் மேல் என்றுதான் இப்போது அவருக்குப் புரியவில்லை. எதிரே காயத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற மெகராஜ் ஒரே ஒரு முறை, "இழுக்காதீங்க" என்றார்.

மேல் பாதி சுலபமாகப் பிரிந்தது. அடியில், பழைய தழும்பு இருந்த இடத்தில், பை சதையோடு கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மயிரிழை மயிரிழையாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வரிசை முணுமுணுத்தது. அவர் நிமிரவில்லை.

பை முழுசாக வந்தது.

தையல் முடிந்ததும் சிவனணைந்தான் எழுந்து உட்கார்ந்து அதைக் காட்டச் சொன்னார். எஃகுத் தட்டில் வைத்து நீட்டினார்கள். அவர் குனிந்து பார்த்தார்.

"கீறல் கிழிசல் உண்டா?"

மெகராஜ் வாயைத் திறந்தார். சிவனணைந்தான் கையமர்த்தினார். "இவரு சொல்லட்டும்."

ஞானதிரவியம் இடுக்கியால் புரட்டிப் புரட்டி எல்லாப் பக்கமும் பார்த்தார். "இல்ல."

"சரி. தையல் பிரிக்க வருவேன். அப்பவும் கோவமாத்தான் வருவேன்."

"வாங்க."

அவர் போனார். நன்றி சொல்லவில்லை. மனு கொடுப்பாரா மாட்டாரா என்றும் சொல்லவில்லை.

ஞானதிரவியம் பையைப் பரிசோதனைப் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதினார். போன முறை பையின் ஒரு பகுதி உள்ளே விடப்பட்டது என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மெகராஜ் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், காலையில மன்னிப்புக் கேட்டேன். மேசையத் தட்டினாரு. இப்பம் என் தப்பையே சொன்னேன், இன்னும் கோவம் கூடத்தானே செய்யணும்? கழுத்தைக் காட்டிப் படுத்தாரே, ஏன்?"

மெகராஜ் குழாயை மூடினார்.

"காலையில நீங்க மாவை மட்டும் பிதுக்கினீங்க, டாக்டர். பை உள்ளயே இருந்தது."