பதினோரு பாகக் குழி

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள். ஆகவே பாதிக் கதையில் யாருக்காவது பரிந்துகொண்டு எழுந்துவிடாமல் கடைசிவரை கேளுங்கள்.

சங்கரேஸ்வரி கடல் ஆராய்ச்சியாளர். மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து, கடலைக் கணினிக்குள் கட்டி எழுப்புவது அவள் வேலை. நீரோட்டம், சூடு, நீரில் கரைந்த ஆக்சிஜன், அதை நம்பி வாழும் மீன்கள் எல்லாவற்றையும் எண்களாக்கி ஓடவிட்டால், நாலு நாள் கழித்துக் கடல் என்ன செய்யும் என்று, ‘மாதிரி’ என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கணினிக் கடல் சொல்லிவிடும். சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு அது சொன்னது பொய்த்துப்போனது.

மாதிரிக்குக் கடலடி அளவுகள் வேண்டும். அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர் தூண்டில்காரர் சவரிமுத்து. வாரம் ஒருமுறை தன் வள்ளத்திலிருந்து ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி எடுப்பார். ஆழம், சூடு, ஆக்சிஜன் மூன்றையும் கருவி பதிந்துகொள்ளும். இடத்தை மட்டும் அவர்தான் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஊரிலோ, மீன் படும் இடத்தைக் கூடப் பிறந்தவனிடம்கூட யாரும் சொல்வதில்லை. "என் இடம் வெளியே போகக்கூடாது" என்று சவரிமுத்து கேட்டார். போகாது என்று சங்கரேஸ்வரி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதன்பிறகுதான், தீவுக்குத் தெற்கே மணல்திட்டின் ஓரம் என்று சொன்னார்.

வரைபடத்தில் அங்கே ஆழம் ஆறு பாகம். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கருவியோ பதினொன்று என்று காட்டியது. கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, ஒவ்வொரு வாரமும் பதினொன்றை அடித்துவிட்டு ஆறு என்று போட்டுக்கொண்டாள். கருவி பிசகலாம், மனிதர் எதற்குப் பிசகப்போகிறார் என்பது அவள் எண்ணம். படித்தவள்தான், என்ன செய்வது?

அந்த அளவுகளை நம்பித்தான் சென்ற ஆண்டு, ஆக்சிஜன் அற்ற கடலடி நீர் கரைக்கு வருகிறது என்று எச்சரித்தாள். கரையோரம் மிதவைக் கூண்டுகளில் கொடுவா மீன் வளர்க்கும் பெண்கள் பயந்துபோய், பாதிகூட வளராத மீனை அள்ளி விற்றார்கள். கெட்ட நீர் வரவே இல்லை. அந்தப் பெண்களின் தலைவி பிரகாசி அன்றிலிருந்து அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாதிரியில் எங்கே ஓட்டை என்று தேடித் தேடிச் சங்கரேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ஐப்பசியில், காற்றே இல்லாத ஒரு திங்கள்கிழமை. பழைய கருவியை மாற்றிப் புதியது கொடுத்திருந்தாள். புதியதும் பதினொன்று என்றது. ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை என்றும் சொன்னது. அப்படியானால் பிசகியது கருவி அல்ல, சவரிமுத்து சொன்ன இடம். சவரிமுத்து போய்வரும் தூரத்துக்குள் பதினோரு பாகம் ஆழமுள்ள குழி ஒன்றே ஒன்றுதான். அது தீவுக்கு வடக்கே இருந்தது. அந்த இடத்தைப் போட்டுச் சென்ற ஆண்டை மறுபடி ஓட்டினாள். கெட்ட நீர் கரையைத் தொடாமல் விலகிப் போனது. நடந்ததும் அதுதான். அடுத்து இந்த வாரத்தை ஓட்டினாள். புதன்கிழமை காலை அது நேராகக் கூண்டுகளுக்குள் புகுந்தது.

கூண்டுகளை இழுத்துப் போக விசைப்படகுகள் வேண்டும். படகுகள் வர நிலையத் தலைவர் அறிவிப்பில் கையெழுத்திட வேண்டும். சென்ற ஆண்டு சூடுபட்டவர் அவர். எந்த இடத்து அளவு என்று வரைபடத்தில் காட்டாத அறிவிப்பில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அறிவிப்பை மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுவார்கள், ஊரே படிக்கும். சங்கரேஸ்வரி பிரகாசியிடம் போய், மீனையாவது அள்ளிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். "போன வருசமும் இப்படித்தான் வந்து நின்னீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

கடைசியில், இடத்தை வரைபடத்தில் காட்டச் சம்மதம் கேட்டுச் சவரிமுத்துவிடம் ஓடினாள். வடக்குக் குழி என்றதுமே அவர் முகம் வெளுத்தது.

"அந்தக் குழி போச்சுன்னா எனக்குக் கடல்ல என்ன இருக்கு?" என்றார். "நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"நீங்க சொன்ன இடத்த நான் யாருட்டயும் சொல்லல அண்ணாச்சி. இது நானா கண்டுபிடிச்ச இடம்."

அவர் திரும்பித் தன் வள்ளத்தை நோக்கி நடந்தார்.

செவ்வாய் காலை அறிவிப்பு சுவரில் ஏறியது, வடக்குக் குழியில் சிவப்பு வட்டத்தோடு. மதியத்துக்குள் பதினேழு கூண்டுகளை இழுத்துப் போனார்கள். நங்கூரம் சிக்கிக்கொண்ட ஒரு கூண்டை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. புதன்கிழமை அதில் ஒரு மீன்கூட உயிரோடு இல்லை. கெட்ட நீர் போய் மீன் திரும்பிய அடுத்த வாரம் வடக்குக் குழியின் மேல் நாற்பது வள்ளங்கள் நின்றன. மாதம் முடிவதற்குள் குழியில் பிடிக்க மீன் இல்லை.

எனக்கு வாக்குக் கொடுத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள் என்கிறார் சவரிமுத்து. முதலில் பொய் சொன்னவர் அவர், அந்தப் பொய்யால்தான் போன வருடம் நாங்கள் கெட்டோம், அவருக்கு யாரும் வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்கிறாள் பிரகாசி. அவர் சொன்ன இடத்தை இன்றுவரை நான் வாய் திறந்து சொன்னதில்லை, ஆகவே வாக்குத் தவறவே இல்லை என்கிறாள் சங்கரேஸ்வரி.

இந்த மூவரில் யார் சொல்வது சரி?

உங்கள் தீர்ப்பை மனதில் வைத்துக்கொண்டு என் தீர்ப்பையும் கேளுங்கள்: சவரிமுத்து சொல்வதுதான் சரி. அவர் மணல்திட்டுக்காகச் சத்தியம் கேட்கவில்லை, தன் பிழைப்புக்காகக் கேட்டார். அவர் பொய் சொன்னது உண்மை. ஆனால் கருவி வாரந்தோறும் காட்டிக்கொடுத்த அந்தப் பொய்யை, ஆறு என்று எழுதி மெய்யாக்கியது சங்கரேஸ்வரியின் கை. ஆகவே சென்ற ஆண்டுப் பழியை அவர் ஒருவர் தலையில் கட்ட முடியாது. வாக்கை உடைக்காமல் பதினேழு கூண்டுகளைக் காப்பாற்ற வழியில்லை, அதனால் உடைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். உடைக்கவே இல்லை என்று சாதித்தாளே, அதுதான் தவறு. அது அவளுக்கும் உறைத்தது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், "வாக்குத் தவறிட்டேன் அண்ணாச்சி" என்று சொன்னாள். அவர் உள்ளே போய்க் கருவியை எடுத்துவந்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். தன் இடத்தை அவளை நம்பிச் சொல்ல வேண்டுமே என்று, அந்த ஊரில் வேறு யாரும் இன்றுவரை அதை வாங்கிக்கொள்ளவில்லை.