சுவரில் அடித்த மருந்து

“எத்தனை பேருக்கு விஷம் வச்சேன்னு எனக்கே தெரியலை, அம்மா. எனக்கு ஒரு தண்டனை சொல்லுங்க.”

கேட்டவர் செல்லையா, எழுபதை நெருங்கியவர். கேட்கப்பட்டவர் பூரணத்தம்மை, அவரைவிட இருபது வயது சின்னவர். மலையடிவாரத்து மடத்துக்கு மாதம் ஒருமுறை வந்து செல்லையா அம்மையிடம் பாடம் கேட்பார். மடம் என்று பெயர்தான் பெரிது. இரண்டு அறையும் ஒரு கிணறும்தான்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“யாருக்கு வச்சீங்க?”

“மலேரியா ஆபீசுல வேலை பார்த்தேன்லா. ஊர் ஊராப் போயி வீட்டுச் சுவர்ல டி.டி.டி. அடிச்சேன், கொசு சாகுறதுக்கு. அடிச்ச தேதியைக் கதவுல எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவேன். மருந்து சுவரோட கிடக்கும்னு நெனச்சேன்.”

“கிடக்கலையா?”

“மழையில எறங்கிக் குளத்துக்குப் போயிருக்கு. பாசியில கொஞ்சம். பாசியைத் தின்ன குஞ்சு மீன்ல அதைவிட அதிகம். பெரிய மீன்ல இன்னும் அதிகம். தண்ணியில கரையாதாம், கொழுப்புல போயி ஒட்டிக்கிடுமாம். காத்துல ஏறி, மருந்தே அடிக்காத பனி தேசம் வரைக்கும் போயிருக்கு. அங்க உள்ள தாய்மார் பால்லயும் இருக்காம்.”

மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

“இது என் மருமவ செண்பகவல்லியோட பாலைச் சோதிச்சு எழுதுன தாள். காலேஜ்ல ஆராய்ச்சிக்குக் கேட்டாங்க, குடுத்தா. நான் அடிச்ச சுவரை அவ கண்ணால பார்த்ததில்லை. அவ பால்லயும் இருக்கு. பேரனுக்கு நாப்பது நாள் ஆவுது. பால் குடுக்காதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“குடுக்கத்தான் வேணும்னார். என் மனசுதான் ஒப்பலை.”

அம்மை தாளை மேலிருந்து கீழே வாசித்தார்.

“விஷத்தை எல்லாம் வரிசையா எழுதியிருக்கு. மத்தது எங்க?”

“மத்ததுன்னா?”

“பிள்ளைக்கு நோய் அண்டாமக் காக்கிறது, எலும்பு வளக்கிறது. அதுவும் இந்தப் பால்லதானே இருக்கு?”

செல்லையா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அம்மை எழுந்து கையைக் கழுவினார். வந்து, செல்லையாவின் காலடியில் விழுந்து கும்பிட்டார்.

செல்லையா துள்ளி விலகினார். குருவே காலில் விழுந்தால் சீடன் எங்கே போய் நிற்பது?

“அம்மா! என்ன காரியம் பண்ணுதீங்க!”

“எனக்கு முன்னால எங்கம்மைக்கு ரெண்டு பிள்ளைங்க. மலேரியாக் காய்ச்சல்ல ரெண்டும் போயிருச்சு. நான் பிறந்த வருசம் ஒரு ஆள் வந்து மருந்து அடிச்சாராம். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையா அசிங்கமா இருக்குன்னு எங்கம்மை மறுநாளே சாணி போட்டு மெழுகிட்டா. அந்த ஆள் திரும்பி வந்து, ஒரு வார்த்தை ஏசாம, மறுபடி அடிச்சுட்டுப் போனாராம். நான் பிழைச்சேன்.”

“அது நான்தானான்னு...”

“நீங்களா இருந்தாலும் சரி, உங்க கூட வேலை பார்த்தவரா இருந்தாலும் சரி. கும்பிட ஆள் கிடைக்காம இத்தனை வருசம் இருந்தேன்.”

“உங்க உடம்புலயும் அது இருக்குமே, அம்மா.”

“இருக்கும். உடம்பும் இருக்கே.”

செல்லையா அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு கேட்டார்:

“அப்ப அந்தப் பனி தேசத்துத் தாய்க்கு யார் பதில் சொல்ல?”

“அதுக்கு என்கிட்டயும் பதில் இல்லை,” என்றார் அம்மை. “அவ பிள்ளைக்கு அவ குடுத்துக்கிட்டுத்தான் இருப்பா. இங்க உங்க பேரன் இப்ப என்ன குடிக்கான்?”

செல்லையா அவசர அவசரமாக மருமகளுக்குப் போன் போட்டார்.

“தாயி, நான் சொன்னது தப்பு. பிள்ளைக்கு...”

“மாமா, கோவிச்சுக்கிடாதீங்க,” என்றாள் செண்பகவல்லி. “நீங்க பஸ் ஏறுன உடனேயே குடுத்துட்டேன். பசிச்சு அழுதான், நான் என்ன செய்ய?”

“நல்லா இரு தாயி,” என்றார் செல்லையா.