வெயிலுக்கு மீசையைப் பந்தயம் கட்டினவர்

அடேய் கபிலா, அந்த பேட்டைக் கீழ வை. மணி ஒண்ணு ஆகுது, இப்பப் போய் கிரிக்கெட்டா? வந்து படு. ஃபேனுக்கு நேரா தலையை வை. பெரியம்மா ஒரு கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா பாதியில நிறுத்திடுவேன், அப்புறம் கெஞ்சக் கூடாது.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மீசைக்காரர் இருந்தாராம். எந்த ஊருன்னா, நம்ம வேலூர்தான். குளிக்கறாரோ இல்லையோ, தினம் காலைல மீசைக்கு விளக்கெண்ணெய் போட்டு முறுக்கி விட்டுடுவாரு. அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. என்ன தெரியுமா? வெயில்! "எங்க ஊர் வெயில் மாதிரி வருமா"ன்னு, என்னமோ இவரே விறகு வச்சு மூட்டின மாதிரி பேசுவாரு. மத்தியானம் தொப்பி கூடப் போடாம வண்டியை எடுத்துக்கிட்டு டர்ர்ர்னு கிளம்பிடுவாரு. வீட்டம்மா கத்துவாங்க. காதுலயே வாங்க மாட்டாரு.

அப்புறம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு கிட்ட மயங்கித் தொப்புனு விழுந்துட்டாரு. யாரோ சோடா தெளிச்சு ஆட்டோவுல கொண்டு வந்து விட்டாங்க. அந்தம்மாவுக்கு உசுரே இல்லை. இவரு என்னடான்னா, கண்ணைத் திறந்ததும், "வெயில் இல்லை, காலைல சரியா சாப்பிடலை"ங்கறாரு. ஆறு இட்லி! நான்தானே வச்சேன்... ஆங், அந்தம்மா வச்சாங்க.

"ம்?"

"ம்"முக்குக் கேள்வி எல்லாம் போடாத. கேளு.

அப்போ மே மாசம். ஒரு பாலைவன நாட்டுக்குச் சுற்றுலா, டிக்கெட் பாதி விலைன்னு பேப்பர்ல வந்துச்சு. உலகத்துல இருக்கறவன் எல்லாம் அந்த நாட்டுக்கு மார்கழி, தையிலதான் போவான். மே மாசம் ஏன்டா பாதி விலைன்னு யோசிக்க வேணாமா? இவரு, "நாங்க வேலூரு! எங்களுக்கே வெயிலா?"ன்னு ரெண்டு டிக்கெட்டைப் போட்டுட்டாரு.

அந்தம்மா சொன்னாங்க, "வரேன். ஆனா பந்தயம். கிளம்பறதுலேருந்து திரும்பி வந்து நம்ம வாசப்படி ஏறற வரைக்கும், 'அப்பா, என்ன வெயில்'னு உங்க வாயில வரக் கூடாது. வந்துட்டா மீசையை எடுத்துடணும். அடுத்த வருஷம் கத்திரி வெயில் வரைக்கும் வளக்கக் கூடாது. மத்தியானம் வெளிய காலை வைக்கக் கூடாது, அது எப்பவுமே."

"வரலைன்னா?"ன்னாரு இவரு.

"வெயில்ல போகாதீங்கன்னு இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சரி!"ன்னு மீசையை முறுக்கினாரு.

அப்புறம் விமானம் ஏறி அந்த நாட்டுல போய் இறங்கினாங்க. முதல்ல கடலோரம். ஏர்போர்ட்டுக் கதவு திறந்துச்சு பாரு, புஸ்ஸ்ஸ்! மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. இட்லிப் பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி. சட்டையிலேருந்து சொட்டு சொட்டுனு தண்ணி. இவரு வாயைத் திறந்தாரு. "அப்பா..."ன்னுட்டாரு!

அந்தம்மா திரும்பிப் பாத்தாங்க.

"அப்பா... அப்பாவுக்கு ஒரு போன் போடணும்"னாரு.

அவங்கப்பா செத்துப் பன்னண்டு வருஷம் ஆச்சு!

"ம்... ஹி ஹி."

சிரிச்சா தூக்கம் போயிடும். அப்புறம் மலைக்குப் போனாங்க. பாலைவன நாட்டுல மலையா, மலைலயும் வெயில்தானேன்னு இவரு ஒரு ஸ்வெட்டர் கூட எடுத்துக்கலை. சாயங்காலம் ஆச்சு, குளிரு! பல்லு கடகடகடன்னு தந்தி அடிக்குது. கட்டில் மேல இருந்த விரிப்பை உருவி முக்காடு போட்டுக்கிட்டு, "பா... பாத்தியா? வெ... வெயிலாம் வெயிலு"ன்னு ஒரு பேச்சு. அப்போதான் அந்தம்மாவுக்கு உறைச்சுது. இந்த மனுஷன் ஜெயிச்சுட்டா, நாளைக்கு ரோட்டுல விழுந்தாலும் நான் பேச முடியாதேன்னு. ஏன்டா பந்தயம் கட்டினோம்னு அழுகையே வந்துடுச்சு.

"ம்..."

அப்புறம் மூணாவதா மணல். கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல், மணல், மணல். அங்க ஹம்தான்னு ஒருத்தர்தான் இவங்களுக்கு வண்டி ஓட்டினாரு. நம்ம ஊர் ஆளுங்களோட பழகி அரைகுறையா தமிழ் பேசுவாரு. பதினோரு மணிக்கே கூடாரத்துல பாயை விரிச்சுட்டு, "இப்போ தூங்கு. நாலு மணிக்கு மணல் பாக்கலாம்"னாரு. சுத்தியும் பாத்தா எல்லாரும் படுத்தாச்சு. ஒட்டகம் கூட உட்கார்ந்துடுச்சு.

நம்ம ஆளு கேட்பாரா? "நாங்க வேலூரு!"ன்னு வெளிய போயிட்டாரு. பத்து அடிதான். செருப்புப் பசை இளகி அடி தனியா, வாரு தனியா வந்துடுச்சு. கால் மணல்ல பட்டுச்சு பாரு, சுர்ர்ர்ர்! தைதைன்னு குதிக்கறாரு. கூடாரத்துக்கே திரும்பினா மானம் போயிடும். வேற நிழல் எங்கன்னு பாத்தா, அந்தப் பெரிய மணல்காட்டுல ஒரே ஒரு நிழல்தான். ஒட்டகத்தோடது. ஓடிப் போய் அதுல நின்னாரு.

ஒட்டகம் எழுந்துச்சு. ரெண்டு அடி நடந்துச்சு. இவரும் ரெண்டு அடி நடந்தாரு. அது நின்னா நிப்பாரு. அது திரும்பினா ஓடிப் போய் அந்தப் பக்கம் நிப்பாரு. ஒட்டகத்துக்கே சங்கடமாயிடுச்சு, யாருடா இவன், விடாம கூடவே வரான்னு.

அந்தம்மா கூடாரத்துலேருந்து, "எப்படிங்க இருக்கு?"ன்னு கத்தினாங்க.

"அ... அ... அழகா இருக்கு!"

அப்போ ஹம்தான் ஓடிப் போய் இவரை இழுத்துட்டு வந்தாரு. தலையில தண்ணி ஊத்தி, ஒரு சொம்பு மோர் கொடுத்தாரு. அப்புறம் கோபமா, "நான் இங்க பொறந்தேன். எங்கப்பா இங்க பொறந்தாரு. நாங்க வெயிலுக்குப் பயப்படறோம். நீ முந்தாநாள் வந்தே. உனக்குப் பயம் இல்லையா?"ன்னாரு.

மீசைக்காரர் மோரைக் குடிச்சாரு. பாயில படுத்தாரு. வாழ்நாள்லயே முதல் தடவையா மத்தியானம் தூங்கினாரு.

"ம்... அப்ப ஜெயிச்சுட்டாரா?"

அவசரப்படாத. திரும்பி வந்தாச்சு. மெட்ராஸ்ல இறங்கி, காட்பாடிக்கு ரயிலு, அங்கேருந்து ஆட்டோ. வீட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க, மணி சரியா ஒண்ணு. இன்னும் ஒரே ஒரு படி. அந்தம்மா அவரு வாயையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. இவரு ஒரு காலைத் தூக்கிப் படியில வைக்கப் போனாரு. வைக்கலை. அப்படியே நின்னு, பொண்டாட்டி மூஞ்சியை ஒரு தடவை பாத்தாரு. அப்புறம்...

"அப்பா! என்ன வெயிலுடி இது!"ன்னாரு.

அவ்வளவுதான். சரக் சரக்குனு மீசை போச்சு.

"பெரியம்மா... ஹால்ல இருக்கற கல்யாண போட்டோல பெரியப்பாவுக்குப் பெரிய மீசை இருக்கே?"

இருக்கு.

"இப்ப இல்லையே?"

கத்திரிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கேடா.

"வாய் தவறிச் சொன்னாரா... வேணும்னே சொன்னாரா?"

ஒரு வருஷமா கேக்கறேன். மேலுதட்டைத் தடவிக்கிட்டுச் சிரிக்கறாரே தவிர சொல்ல மாட்டேங்கறாரு. அந்த ரூம்ல கொர்ர்ர்... கொர்ர்ர்ன்னு கேக்குது பாரு. இந்நேரத்துல அந்தச் சத்தம் கேட்டாதான்டா எனக்கு நிம்மதி.

"ம்..."

கதையும் வீட்டுக்குள்ள வந்துடுச்சு, கதவையும் சாத்தியாச்சு. கண்ணை மூடு.